பிரசவத்துக்கு ஊருக்குப் போனால் ஜெர்மனியில் கிண்டர்கெல்டும் எல்டர்ன்கெல்டும் கிடைக்குமா?

ஸ்டுட்கார்ட்டில் மூன்று ஆண்டுகளாக புளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வதிவிட அனுமதி) வேலை பார்க்கிறீர்கள். மனைவி உங்களோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, அவரும் 18 மாதங்களாக இங்கேயே வேலைக்குப் போகிறார். இப்போது அவருக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று திருச்சியில் மாமனார் வீட்டில் காத்திருக்கிறார்கள். ஏழாம் மாதம் அனுப்பிவைத்து, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் இரண்டு பேரையும் அழைத்து வருவதாகத் திட்டம். அந்த இடைக்காலத்துக்கு கிண்டர்கெல்டும் (பிள்ளைக்காக மாதாமாதம் தரும் தொகை) எல்டர்ன்கெல்டும் (பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை நிறுத்தும் அல்லது குறைக்கும் பெற்றோருக்குத் தரும் தொகை) வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாமக்கல்லில் தாத்தா பாட்டியிடம் வளரும் நண்பர் மகனுக்கு கிண்டர்கெல்ட் உண்டா, ஒருநாள் ஊருக்கே திரும்பிவிட்டால் கட்டிய ஓய்வூதியப் பணம் என்ன ஆகும் என்றும் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதினீர்களே, "மாசாமாசம் இவ்வளவு பிடிக்கிறார்கள், பிள்ளை எங்கே இருந்தால் இவர்களுக்கு என்ன?" என்று, அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. பணம் கட்டுவதால் உரிமை வருகிறதா, பிள்ளை இங்கே வாழ்வதால் உரிமை வருகிறதா?

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வழக்கறிஞர் இல்லை. குடியேறி வந்த குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, மறுப்புக் கடிதம் வந்தால் ஆட்சேபம் எழுதித் தருவது என்று 12 ஆண்டுகளாக ஓர் ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன். சட்டத்தில் எண்ணாகவே எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். அதிகாரி உங்கள் கோப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம் எது என்பதையும் சொல்வேன். அந்த இடத்தில் யாராவது "நிச்சயம் கிடைக்கும்" என்று சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சேர்த்துத்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் பிள்ளை வாழும் இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கிண்டர்கெல்ட் இங்கே வருமான வரிச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் 'நம் வரிப்பணம் திரும்பி வருகிறது' என்று தோன்றுகிறது, அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. பெற்றோர் பக்கம் சட்டம் கேட்பது இரண்டு: ஜெர்மனியில் முழு வரிப் பொறுப்பும், தகுந்த வதிவிட அனுமதியும். புளூ கார்டு தகுந்த அனுமதிதான், அதில் உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அடுத்து பிள்ளை பக்கம் திரும்பி, அதன் வீடு ஜெர்மனியிலோ, ஐரோப்பிய ஒன்றியத்திலோ, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளிலோ இருக்கிறதா என்று கேட்கிறது. இந்தியா அந்த வட்டத்துக்குள் இல்லை. தொகை 2025இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ, 2026 ஜனவரி முதல் 259 யூரோ. சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே உங்கள் நண்பருக்கான பதில் நேரடியானது. அவர் மகன் நாமக்கல்லில் தாத்தா பாட்டியோடு வாழ்ந்து அங்கேயே பள்ளிக்குப் போகிறான் என்றால் கிண்டர்கெல்ட் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் மூன்று வாரம் வந்து போவதால் அவன் வீடு ஸ்டுட்கார்ட் ஆகிவிடாது, நீதிமன்றங்கள் இதைப் பல வழக்குகளில் சொல்லிவிட்டன. "என்கூட வேலை செய்யும் துருக்கிக்காரருக்கு ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் தருகிறார்களே" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தருகிறார்கள்தான். துருக்கி, மொராக்கோ, துனிசியா, பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த சில நாடுகள் என்று, முன்பு தொழிலாளர்களை வரவழைத்த நாடுகளோடு போட்ட ஒப்பந்தங்கள் அவை. 1975இல் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கான தொகையைத் தனியாகப் பிரித்துக் குறைத்தார்கள். இன்றும் துருக்கியில் வாழும் முதல் பிள்ளைக்கு மாதம் 5.11 யூரோதான், அதாவது யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயத்தில் பத்து மார்க். பிள்ளையைப் பிரிந்து நெடுங்காலம் வேலை செய்தவர்களின் கதை அது. இந்தியாவுடன் அப்படி ஓர் ஒப்பந்தமும் இல்லை.

ஆனால் உங்கள் நண்பர் கைவிட்டுப் போயிருக்கக்கூடிய ஒன்று உண்டு, அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கிண்டர்கெல்ட் இல்லாவிட்டாலும், ஆண்டு வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது ஊரில் இருக்கும் பிள்ளைக்கான வரிவிலக்குத் தொகையைக் கேட்கலாம். வாழும் நாட்டின் செலவைப் பொறுத்து அந்தத் தொகை குறைக்கப்படும், இந்தியாவுக்கு அது நாலில் ஒரு பங்கு. 2025ஆம் ஆண்டுக்கு அப்பா அம்மா இருவருக்குமாகச் சேர்த்து முழுத்தொகை 9,600 யூரோ, ஆகவே 2,400 யூரோ. இது கையில் வரும் பணம் அல்ல, வரி போடும் வருமானத்திலிருந்து கழியும் தொகை. அவருடைய வரிவிகிதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 840 யூரோ மிஞ்சும். ஐந்தாறு ஆண்டு இங்கே இருந்தும் இதைக் கேட்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கிண்டர்கெல்ட் இல்லை என்று ஒரு கடிதம் வந்ததும் பிள்ளை பெயரில் எதுவுமே கிடையாது என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் பிள்ளையின் நிலை நாமக்கல் பையனுடையதல்ல. இங்கே வீடு இருக்கிறது, அப்பா அதில் இருக்கிறார், அம்மா பிரசவத்துக்காக மட்டும் போய்த் திரும்புகிறார். குடும்பத்தின் வீடு ஸ்டுட்கார்ட்தான், திருச்சி தற்காலிகம். திரும்பும் எண்ணம் தெளிவாக இருந்து, ஓராண்டுக்கு உட்பட்டு வெளிநாட்டில் தங்கினால் இங்கே வீடு உண்டு என்ற நிலை பொதுவாக அறுந்துபோவதில்லை. இது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தடையில்லாமல் பொருந்துகிறது. இன்னும் ஜெர்மன் மண்ணையே மிதிக்காத பச்சைப் பிள்ளைக்கு? பிரசவத்துக்காக மட்டும் அம்மா வெளியே போயிருந்து, பிறந்த பிள்ளையை நியாயமான காலத்துக்குள் இங்கே கொண்டுவந்துவிட்டால், பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்கு இங்கே வீடு உண்டு என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் 'நியாயமான காலம்' என்பதற்குச் சட்டத்தில் எண் கிடையாது. ஆறு வாரத்தில் வந்த பிள்ளைக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆறு மாதம் என்றால் கேள்வி வரும். ஏன் அவ்வளவு நாள், டிக்கெட் எப்போது போட்டது, வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் என்றெல்லாம் கேட்பார்கள். முடிவு உங்கள் கையிலிருக்கும் தாள்களைப் பொறுத்தது.

உங்கள் திட்டத்தில் நான் பயப்படுவது அந்த ஆறு மாதத்துக்கு அல்ல. ஆறு மாதம் என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை என்பதற்குத்தான். ஜெர்மனியில் பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோரின் அனுமதியைப் பார்த்து உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகமே வதிவிட அனுமதி தந்துவிடுகிறது, விசாவே வேண்டாம். திருச்சியில் பிறக்கும் பிள்ளை இந்தியக் குடிமகன், அல்லது குடிமகள். அதற்கு முதலில் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ், பிறகு பாஸ்போர்ட், அப்பா வெளிநாட்டில் இருப்பதால் உங்கள் தரப்பு ஒப்புதல் பத்திரம், இவையெல்லாம் முடிந்த பிறகு சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் வழியாகக் குடும்ப இணைப்பு விசா. சுற்றுலா விசாவில் தூக்கிக்கொண்டு வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு படியிலும் சந்திப்பு நேரம் கிடைக்க வேண்டும், தாளில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் திரும்பப் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே உங்கள் பாஸ்போர்ட்டிலும் இருக்க வேண்டும். முன்னெழுத்தை விரித்து எழுதுவதா வேண்டாமா என்ற நம் ஊர்த் தலைவலி, பிள்ளை பிறந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். ஏறக்குறைய உங்கள் திட்டமேதான், மூன்று மாதத்தில் திரும்புவதாக இருந்தார்கள். சான்றிதழில் அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டது, அதைத் திருத்தப் போய், பாஸ்போர்ட் தள்ளிப்போய், விசா சந்திப்பு தள்ளிப்போய், பிள்ளை இங்கே வந்து சேர்ந்தபோது பத்து மாதம் முடிந்திருந்தது. அப்பா இங்கே தனியாக இருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளை குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் கைப்பேசியில்தான் பார்த்தார். அவர் கிண்டர்கெல்டுக்கு விண்ணப்பித்தது பிள்ளை வந்து ஊர்ப் பதிவு (வசிக்கும் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவது) செய்த பிறகு. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குத்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள் என்பது சட்டம், அதற்கு முந்தைய மாதங்கள் விவாதமே இல்லாமல் போய்விட்டன. மிச்ச ஆறு மாதத்துக்கு ஆட்சேபம் எழுதினோம். மருத்துவமனைத் தாள், பதிவு செய்து ரத்தான டிக்கெட், விசாச் சந்திப்பு மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் வைத்த பிறகு கிடைத்தது. அந்தத் தாள்களை அவர் எறியாமல் வைத்திருந்ததால்தான் கிடைத்தது.

ஆகவே எந்தத் திட்டமானாலும், பிள்ளை பிறந்ததும் திருச்சிச் சான்றிதழை வைத்து உடனே விண்ணப்பித்துவிடுங்கள். பிள்ளையின் வரி அடையாள எண் இங்கே ஊர்ப் பதிவு செய்த பிறகுதான் வரும், அதைப் பிறகு அனுப்புவதாக எழுதலாம். பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து வாங்கினால் திருப்பிக் கட்டச் சொல்வது மட்டுமல்ல, கிண்டர்கெல்ட் வரிச் சட்டத்துக்குள் இருப்பதால் விஷயம் வரி ஏய்ப்பு என்ற பெயரில் போய் நிற்கும். வதிவிட அனுமதி புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருக்கும் நமக்கு அந்தப் பெயர் வேண்டவே வேண்டாம்.

எல்டர்ன்கெல்ட் வேறு சட்டம், வேறு அலுவலகம். உங்கள் மாநிலத்தில் அதை எல்-பாங்க் என்ற மாநில வங்கி கையாளுகிறது. சட்டம் கேட்பது நான்கு: கேட்பவரின் வீடு ஜெர்மனியில் இருக்க வேண்டும், பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழ வேண்டும், பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், வாரம் 32 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இருவரின் வரிக்குரிய வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,75,000 யூரோவைத் தாண்டினால் கிடையாது. தொகை, பிரசவத்துக்கு முந்தைய 12 மாத நிகர வருமானத்தில் ஏறத்தாழ 65 சதவீதம், குறைந்தது 300, அதிகபட்சம் 1,800 யூரோ. உங்கள் மனைவியின் நிகர வருமானம் மாதம் 2,400 என்றால் சுமார் 1,560 வரும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று: இந்தியாவில் வாங்கிய சம்பளம் இந்தக் கணக்கில் வராது. வந்த எட்டாம் மாதத்தில் பிள்ளை பெற்றவருக்கு, இங்கே வேலை செய்யாத மீதி மாதங்கள் பூஜ்யமாகச் சேரும். உங்கள் மனைவி 18 மாதம் இங்கேயே வேலை செய்துவிட்டதால் அந்த இழப்பு அவருக்கு இல்லை.

அவர் பிள்ளையோடு திருச்சியில் இருக்கும் மாதங்களுக்குக் கிடைக்குமா? பிள்ளையோடு இருக்கிறார், தானே பார்க்கிறார், வேலை செய்யவில்லை, ஆக மூன்று நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன. இங்குள்ள வீடு அவருடைய வீடாகவே இருக்கிறதா என்ற முதல் நிபந்தனைதான் கேள்வி. வாடகை வீடு அப்படியே இருந்து, ஊர்ப் பதிவை நீக்காமல், வேலை ஒப்பந்தமும் உயிரோடு இருந்தால் அவர் பக்கம் வலுவானது. அதைவிட உறுதியாகச் சொன்னால் பொய்யாகிவிடும். உங்கள் மாதங்கள் நிலை வேறு. நீங்கள் ஸ்டுட்கார்ட்டில், பிள்ளை திருச்சியில் என்றிருக்கும்போது, 'பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழ்ந்து தானே பார்த்துக்கொள்பவர்' என்று நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அப்பாவுக்கான மாதங்களை அவர்கள் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் அடிப்படை எல்டர்ன்கெல்ட் (மேலே சொன்ன முழுத்தொகை வகை) வாங்குவது பொதுவாக ஒரே ஒரு மாதம்தான், அதுவும் முதல் 12 மாதத்துக்குள். பிள்ளைக்கு 14 மாதம் முடிந்த பிறகு அடிப்படை எல்டர்ன்கெல்டே கிடையாது. இதில் மாதம் என்பது நாட்காட்டி மாதம் அல்ல, பிள்ளையின் பிறந்த தேதியிலிருந்து எண்ணும் மாதம். பின்தேதியிட்டுத் தருவதும் மூன்று மாதத்துக்குத்தான், கிண்டர்கெல்டைப் போல ஆறு இல்லை.

இவற்றுக்கு முன்னால் வருவது பேறுகால விடுப்பு. பிரசவத் தேதிக்கு முன் ஆறு வாரம், பின் எட்டு வாரம். அந்த நாட்களில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் நாளொன்றுக்கு அதிகபட்சம் 13 யூரோ தரும், மீதியை முதலாளி நிரப்பி முழு நிகரச் சம்பளம் கைக்கு வரும். ஏழாம் மாதமே விமானம் ஏறினால் அந்த ஆறு வாரம் தொடங்கும் முன் இன்னும் சில வாரங்கள் இருக்கும். அவற்றை ஆண்டு விடுப்பில் கழிக்கப் பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் எல்டர்ன்கெல்ட் கணக்கின் சராசரி குறையும், ஒரு மாதத்தைத் தாண்டினால் சமூகக் காப்பீட்டு உறவே நின்றுவிடும், அது மற்ற எல்லாவற்றையும் கலைத்துவிடும். திருச்சியிலிருந்து மடிக்கணினியில் வேலை செய்வதும் முதலாளியின் எழுத்து அனுமதி இல்லாமல் வேண்டாம்.

மருத்துவச் செலவைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இங்குள்ள பொதுக் காப்பீடு இந்தியாவில் வேலை செய்யாது, மருத்துவத் துறையில் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இல்லை. திருச்சி மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான். சுகப்பிரசவம் என்றால் சமாளித்துவிடுவீர்கள். குறைமாதத்தில் பிறந்து பிள்ளையைத் தீவிர சிகிச்சையில் வைக்க நேர்ந்தால், ஸ்டுட்கார்ட்டில் உங்களுக்கு ரசீதே வராத சிகிச்சைக்கு அங்கே நாளுக்கு நாள் பணம் கட்ட வேண்டியிருக்கும். பேறுகாலத் தொகைக்கும் வெளிநாட்டில் தங்குவது இடையூறாகலாம். பயணத்துக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் தேதிகளைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னதை வைத்துக்கொண்டு வருவார்கள், அதை வைத்து என்னால் எதுவும் எழுத முடியாது.

வதிவிட அனுமதி பற்றியும் ஒன்று. ஜெர்மனியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண அனுமதி தானாகவே செத்துவிடும். புளூ கார்டு வைத்திருப்பவருக்கும் அவர் வழியாகக் குடும்ப அனுமதி பெற்றவருக்கும் அது 12 மாதம். உங்கள் மனைவி எட்டு ஒன்பது மாதம் வெளியே இருக்கப் போகிறார். அவர் அட்டையில் எந்தச் சட்டப் பிரிவு எழுதியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். உங்கள் கேள்வியில் அது இல்லை, அதனால் அவருக்கு எந்தக் கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஓய்வூதியத்தில் நிலைமை நமக்குச் சாதகம். இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 18.6 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது, பாதி நீங்கள், பாதி முதலாளி. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 60 மாதம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். அதை எட்ட, இந்தியாவில் பிஎஃப் கட்டிய காலத்தையும் சேர்த்து எண்ணலாம் என்பதுதான் ஒப்பந்தத்தின் பெரிய பயன். அப்படிக் கிடைக்கும் ஜெர்மன் ஓய்வூதியத்தைத் திருச்சியில் உட்கார்ந்தபடியே வாங்கலாம். பிள்ளைக்கான பணம் கடல் தாண்டாது, இது தாண்டும். காரணம் நீங்கள் உங்கள் பெயரில் கட்டிச் சேர்த்தது இது.

"திரும்பிப் போனதும் கட்டியதை எடுத்துவிடலாம்" என்பதும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இங்கே 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டிவிட்டு நாட்டை விட்டுப் போனவர், 24 மாதம் காத்திருந்து கேட்கலாம். கிடைப்பது அவர் கட்டிய பாதி மட்டும். முதலாளி கட்டிய பாதி போய்விடும், அந்தக் காலத்துக்கான உரிமை முழுவதும் அழிந்துவிடும். அவசரத்துக்குப் பணம் தேவைப்படாதவர் யாரும் அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அறுபது மாதத்தைத் தாண்டினால் பொதுவாக இந்த வழி அடைபட்டு, வயதான பிறகு ஓய்வூதியமாகத்தான் வரும். 1964இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு அந்த வயது 67. உங்கள் மனைவிக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜெர்மனியில் பிள்ளை வளர்க்கும் முதல் மூன்று ஆண்டுகள், வேலைக்குப் போகாவிட்டாலும், அவர் பெயரில் 36 மாதம் கட்டியதாகவே சேரும். அதற்கும் நிபந்தனை பிள்ளை இங்கே வளர வேண்டும் என்பதுதான்.

வேலையிழப்புத் தொகையை நீங்கள் கேட்கவில்லை, ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கடந்த 30 மாதத்தில் 12 மாதம் காப்பீட்டில் இருந்தவருக்கு அது உண்டு, ஆனால் நாளையே இங்கே வேலைக்கு வரத் தயார் என்று சொல்லக்கூடியவருக்குத்தான், திருச்சியில் இருந்துகொண்டு வாங்க முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வந்தது அதுதான் என்று படுகிறது. தாய்வீட்டுப் பிரசவம் என்பது வெறும் சடங்கு அல்ல. முதல் பிள்ளை பெறும் பெண்ணுக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், பத்தியச் சாப்பாடும் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரிந்த கையும் வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. அந்தத் தேவை நிஜம், அதை ஒரு விண்ணப்பத்துக்காக விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மகள் அம்மாவிடம் போவதற்குப் பதில் அம்மா மகளிடம் வரலாம். ஷெங்கன் வருகை விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள் தங்கலாம். நீங்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவுப் பொறுப்பு உறுதிமொழி எழுதித் தர வேண்டும், அத்தைக்குக் குறைந்தது 30,000 யூரோ பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்பு அவர் வந்து இறங்கினால் பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகும் வரை உங்களோடு இருப்பார். கூடவே ஹெபாமெ என்று இங்கே சொல்லும் மருத்துவச்சி, பிரசவத்துக்குப் பின் 12 வாரம் வரை வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார், அதற்கும் காப்பீடே பணம் கட்டும். ஆனால் அவர்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவார்கள், ஐந்தாம் மாதமே கொஞ்சம் தாமதம்தான், இந்த வாரமே தேட ஆரம்பியுங்கள்.

பிள்ளை இங்கே பிறந்துவிட்டால் மியூனிக்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட், இங்குள்ள அலுவலகத்தில் வதிவிட அனுமதி. அனுமதிக்கான விண்ணப்பத்தைப் பிறந்த ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இரண்டும் கைக்கு வந்ததும், நான்காம் ஐந்தாம் மாதத்தில் மூன்று பேருமாகத் திருச்சிக்குப் போங்கள். இருவரும் சேர்ந்து வாங்கக்கூடிய அந்த ஒரு மாதத்தையும் அப்போதே எடுத்துக்கொள்ளலாம். எல்-பாங்குக்கும் கிண்டர்கெல்ட் அலுவலகத்துக்கும் போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் ஒரு கடிதத்தில் தெரிவித்துவிட்டு, டிக்கெட் நகலை எடுத்து வையுங்கள். அப்போது மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வம் கோயிலும் எல்லாம் முடித்து இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம், திரும்ப எந்தத் தூதரகத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

வீட்டில் பேசிப் பார்த்து, இல்லை, திருச்சியில்தான் என்று முடிவானால் அதுவும் தவறில்லை. மனைவியின் வதிவிட அட்டையில் உள்ள பிரிவு, காலாவதித் தேதி, பிரசவத் தேதி, அவருக்கு மீதமிருக்கும் விடுப்பு நாட்கள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். பெயர், எண் எதுவும் போட வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் விசாவுக்குச் சேர்க்க வேண்டிய தாள்களின் வரிசையையும் நான் எழுதித் தருகிறேன்.